களப்பு வற்றும் காலம்



ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் பஸ் ஆனையிறவைக் கடக்கும்போது, கைத்தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு யன்னலால் வெளியே பாருங்கள். மார்கழியிலும் தையிலும் பார்த்தவர்கள் மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் இன்னொரு தரம் பாருங்கள். வாடை ஓய்ந்திருக்கும். பரந்தன், கண்டாவளைப் பக்கம் பெரும்போக அரிவுவெட்டு முடிந்திருக்கும். களப்புத் தண்ணீர் கரையை விட்டு உள்வாங்கி, கறுத்த சேறு வெளியே கிடக்கும். அந்தச் சேற்றில் புள்ளி புள்ளியாக அசைவதெல்லாம் பறவைகள். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் சில கிழமைகளில் இலங்கையில் நிற்காது.

பறவை பார்ப்பது என்றால் இங்கே எல்லோரும் மாரிகாலத்தைத்தான் சொல்வார்கள். பூநாரைக் கூட்டத்தின் படம் பத்திரிகைகளில் வருவதும், கொழும்பிலிருந்து கமராக்காரர்கள் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். பூநாரையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் வன்னிக் கரையோரத்தின் உண்மையான பறவைக் காலம் எது என்று என்னைக் கேட்டால், பங்குனி என்றுதான் சொல்வேன்.

காரணம் தண்ணீரில் இருக்கிறது. ஐரோப்பியக் கடற்கரைகளில் பறவை பார்க்கிறவர்கள் வற்றுப்பெருக்கு நேரத்தைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுப் புறப்படுவார்கள். சில இடங்களில் ஆறு மணித்தியாலத்துக்குள் கடல் பல மீற்றர் இறங்கி, மைல் கணக்கில் சேற்றைத் திறந்துவிடும். இலங்கையைச் சுற்றி அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரும் வராது. போதாக்குறைக்கு, சுண்டிக்குளத்தில் களப்பின் வாயை வருடத்தில் பல மாதங்கள் மணல்திட்டு அடைத்துவிடுகிறது. ஆகவே இங்கே சேற்றைத் திறப்பது வெயில்.

மாரியில் இரணைமடு வான் பாய்ந்தால் கனகராயன் ஆறு அந்த வெள்ளத்தைச் சுண்டிக்குளம் பக்கம் கொண்டுவந்து கொட்டும். அப்போது களப்பு ஆழம். தாராக்களுக்கு நல்ல காலம், ஆனால் உள்ளானுக்குக் கால் எட்டாது. தை கடந்து வெயில் ஏறத் தண்ணீர் வற்றத் தொடங்கும். நாளுக்கு நாள் புதுச் சேறு ஒரு விளிம்பாக வெளிவரும். புழுவும் சிறு நத்தையும் பூச்சிக் குடம்பியும் நிறைந்த அந்த விளிம்பைப் பின்தொடர்ந்தே பறவைகள் மேயும். இரைக்கு ஏற்றபடி அலகு. கொசு உள்ளான் இருபது முப்பது கிராம் உருவத்தோடு மேற்பரப்பைக் கொத்திக்கொண்டு ஓடும். குதிரைமலைக் கோட்டான் 15 சென்ரிமீற்றருக்கும் நீண்ட வளைந்த அலகைச் சேற்றுக்குள் இறக்கி நண்டைத் தேடும்.

இனி நிறத்தைச் சொல்ல வேண்டும். வளைமூக்கு உள்ளானை மாரிகாலத்தில் பார்த்தால் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிய முடியாமல் புதிதாய்ப் பார்க்கிறவர்கள் சலித்துப்போவார்கள். பங்குனியில் அதே பறவையின் நெஞ்சில் செங்கல் நிறத் திட்டுகள் தோன்றும். சித்திரையில் உடம்பே சிவந்துவிடும். கருவால் மூக்கானின் கழுத்தும் நெஞ்சும் செம்மஞ்சளாகும். முதுகில் பொன் புள்ளி தெறித்த உப்புக்கொத்தியின் வயிறு கறுக்கும். பறவை நூல்களில் மாரிக்கோலம் ஒரு படமாகவும் இனப்பெருக்கக்கோலம் இன்னொரு படமாகவும் போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே பறவையில் பாதி பாதியாகக் காண இந்த மாதங்களில்தான் முடியும்.

இறகை மாற்றுவதோடு அவை கொழுக்கவும் வேண்டும். வளைமூக்கு உள்ளான் குஞ்சு பொரிக்கும் இடம் சைபீரியாவின் வடகோடி, ஆர்க்டிக் கரை. இங்கிருந்து நேர்கோட்டில் போனாலும் 7,000 கிலோமீற்றர். அந்தப் பயணத்துக்கான கட்டுச்சோறு அதன் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்புத்தான். ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள பறவை, புறப்படும் நாளில் ஒன்றரை மடங்காகக்கூட இருக்கும். வழியில் இறங்கி மேய்ந்து மேய்ந்துதான் போகும் என்றாலும் முதல் தாவலுக்கு வேண்டியதை இந்தச் சேறு கொடுக்க வேண்டும்.

இப்படி வடக்கே போகும் பறவைகள் சிலவற்றின் பாதையை இப்போது ஊகிக்கத் தேவையில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அவரது குழுவினரும் மன்னாரில் சில பறவைகளுக்குச் சிறிய ஜிபிஎஸ் கருவிகளைப் பூட்டிவிட்டார்கள். அவ்வாறு அனுப்பப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போனதைக் கருவிகள் காட்டின. மன்னார் நமக்கு அயல்.

எல்லாமே போய்விடுவதும் இல்லை. முதல் வயதுப் பறவைகள் சில ஆனி ஆடியிலும் இங்கேயே மந்தமாக மேய்ந்துகொண்டிருக்கும். இங்கேயே பிறந்து இங்கேயே முட்டையிடும் ஒரு சின்ன உப்புக்கொத்தியும் உண்டு. நெடுங்காலமாக அதை வேறொரு இனத்தின் கிளை என்று எண்ணியிருந்தார்கள். 2023இல் அது தனி இனம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வதாலும், இரு கரைக்கும் இடையே இராமர் அணை கிடப்பதாலும் அதற்கு அனுமன் பெயரை வைத்தார்கள். அது கூடு கட்டாது. வெறும் மணலில், காய்ந்த சேற்றில், மணல் நிறத்திலேயே முட்டையிடும். உழவு இயந்திரச் சில்லுக்கோ ஊர் நாய்க்கோ அது தெரியாது.

சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயம். 2015இல் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா என்று கேட்டால் கரையோரத்து மீனவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. போரால் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களுக்கு எல்லைக் கல் எதுவானாலும் பயம்தான். அவர்களைக் கேட்காமல் போடும் கோடு பறவைக்கும் உதவாது. எந்தத் திசையில் எப்போது கூட்டம் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு, தொலைநோக்கியோடு வரும் நமக்குத் தெரியாது. தொலைநோக்கி என்றதும் இன்னொன்று. ஒரு காலத்தில் இந்த மண்ணில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு களப்போரம் நடந்தவன் வீடு திரும்பியிருப்பானோ சொல்ல முடியாது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அதை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துச் சண்டை பிடிப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் விசயத்தில் ஒரு வழக்கும் பாக்கி இருக்கிறது. 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். சுண்டிக்குளத்தில் அணை கட்டி, ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் குடாநாட்டுக்குக் கொண்டுபோவது அதன் சாரம். கட்டிய அணையை வெள்ளம் உடைத்தது. திட்டம் அரைகுறையாய் நின்றது. இன்றும் பேச்சு அடங்கவில்லை. யாழ்ப்பாணத்தின் தண்ணீர்த் தவிப்பு பொய்யல்ல. ஆனால் களப்பு வருடம் முழுவதும் நிரம்பி நின்றால் பங்குனியில் சேறு வெளிவராது. திட்டம் போடுகிறவர்கள் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில சொல். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடத்தில் பாதையை விட்டு ஓரடியும் வைக்காதீர்கள். காலையில், வெயில் ஏறிக் கானல் ஆட முன்னர் போங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பறக்கும் கூட்டத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று கை தட்டுவதும், ட்ரோன் விடுவதும், சேற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாம். ஒருமுறை எழுப்பினால் பறவை சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீண். நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.

புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனிப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள், திரும்பும் வழியில் களப்புப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நந்திக்கடல் கரையில் கூடும்போது வைகாசி ஆகிவிடும். அப்போது அநேகமானவை வடக்கே போய்விட்டிருக்கும். பிறகு ஆவணியில்தான் வரத் தொடங்கும்.