சுவெட்டன்ஹாம்: ஒரு பெயர் வந்த வழி



போர்ட் சுவெட்டன்ஹாம் என்று சொன்னால் நம்மிடையே உள்ள பெரியவர்களுக்குக் கப்பல் நினைவு வரும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ‘ரஜூலா’ கப்பலில் ஏறி, பினாங்கைத் தாண்டி, அந்தத் துறையில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, பிறகு தோட்டம் வந்து சேர்ந்த கதையைத் தாத்தாவோ பாட்டியோ சொல்லக் கேட்காத குடும்பம் நம்மில் குறைவு. இளையவர்களுக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டில் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிவிட்டது.

அது யாருடைய பெயர் என்று கேட்டால், ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்பார்கள். சரிதான். அந்தத் துரைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். இங்கிலாந்திலேயே இது அபூர்வமான குடும்பப் பெயர். ஊருக்கு நூறு ஸ்மித் இருக்கும் நாட்டில், வாழ்நாள் முழுவதும் ஒரு சுவெட்டன்ஹாமைக்கூடச் சந்திக்காதவர்களே மிகுதி.

நமக்குத் தகப்பனார் பெயர்தான் முதலெழுத்து. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அட்டையில் எழுதுகிறோம். பேரன் காலத்தில் பாட்டன் பெயர் அட்டையிலிருந்து போய்விடுகிறது. ஆங்கிலேயர் வழக்கம் வேறு. தகப்பன் பெயரின் கடைசிச் சொல் மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் மாறாமல் இறங்கி வரும். ஆனால் அவர்களும் ஆதியிலிருந்தே அப்படி இருந்தவர்கள் அல்லர். 1066-ல் நார்மானியர்கள் படையெடுத்து வருவதற்கு முன் இங்கிலாந்துக்காரருக்கும் ஒற்றைப் பெயர்தான். பிறகு நிலவரி, வழக்கு, பத்திரம் என்று எழுத்துவேலை பெருகியது. ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் எந்த ஜான் என்று கணக்கெழுதுபவர் கேட்பார் அல்லவா? கொல்லன் ஜான், குட்டை ஜான், வில்லியம் மகன் ஜான், இன்ன ஊர் ஜான் என்று அடையாளம் ஒட்டிக்கொண்டது. 1400-ஆம் ஆண்டு வாக்கில் அந்த அடையாளங்களே பெரும்பாலோருக்குப் பரம்பரைப் பெயர்களாக உறைந்துவிட்டன. சுவெட்டன்ஹாம் இவற்றில் ‘இன்ன ஊர் ஜான்’ என்ற வகையைச் சேர்ந்தது.

அந்த ஊர் இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கே செஷயர் என்ற மாவட்டம். பால்மாடும் பாலாடைக் கட்டியும் பேர்போன பசுமையான பூமி. அங்கே காங்கிள்டன் என்ற சந்தை ஊருக்குப் பக்கத்தில், டேன் ஆற்றை ஒட்டி, சுவெட்டன்ஹாம் என்ற சின்னஞ்சிறு கிராமம். செங்கல் கோபுரம் வைத்த பழைய தேவாலயம், ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு மதுக்கடை, சுற்றிலும் மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான். ஜோட்ரல் பேங்க் என்ற புகழ்பெற்ற வானொலித் தொலைநோக்கி அங்கிருந்து அதிக தூரமில்லை. அதை எழுப்பிய விஞ்ஞானி சர் பெர்னார்ட் லவல் இந்தக் கிராமத்தில்தான் குடியிருந்து, தம் வீட்டைச் சுற்றி மரம் மரமாக நட்டு வளர்த்தார்.

பெயரின் பொருள் என்ன? ‘ஹாம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பு. நம் மன்னார்குடி, காரைக்குடியில் வரும் ‘குடி’ போன்றது. முன்னால் உள்ளது சுவேட்டா என்ற ஓர் ஆளின் பெயர் என்பது அறிஞர்கள் கருத்து. ஆக, சுவேட்டாவின் குடியிருப்பு. காற்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த டோட்டன்ஹாமும் இதே அச்சில் வார்த்த பெயர்தான், டோட்டாவின் குடியிருப்பு. அந்தச் சுவேட்டா யார், என்ன செய்தான் என்பதற்கு ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் எங்கோ குடிசை போட்டவன் பெயர் மலாக்கா நீரிணைக் கரையில் ஒரு துறைமுகத்துக்கு வந்து உட்காரும் என்று அவன் கண்டானா!

ஊர்ப் பெயர் ஆள் பெயரானதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஊரின் நிலத்துக்கு உடையவர்கள் அந்தப் பெயரைத் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். சுவெட்டன்ஹாம் என்ற பெயருள்ள ஒரு நிலக்கிழார் குடும்பம் பக்கத்து ஊரான சாமர்ஃபோர்டு பூத்ஸில் வாழ்ந்தது. அவர்களில் எட்மண்டு என்பவர் 1612-ல் கட்டிய மாளிகை உண்டு. மற்றொரு வழி, ஊரை விட்டுப் போனவர்களுக்குப் பிறர் வைத்தது. இது யோசிக்க வேண்டிய விஷயம். சுவெட்டன்ஹாமிலேயே இருப்பவனை யாரும் ‘சுவெட்டன்ஹாம்காரன்’ என்று கூப்பிட மாட்டார்கள். வேறு ஊருக்குப் பிழைக்கப் போனால்தான் அந்தப் பெயர் ஒட்டும். நம் லயங்களிலும் ஒருவரை ‘சேலத்தார்’ என்றும், இன்னொருவரை ‘தஞ்சாவூரார்’ என்றும் அழைத்தது இங்கு வந்த பிறகுதானே?

இனி எழுத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் இத்தகைய பெயர்களைச் சொல்லும்போது ‘ஹா’ என்ற ஒலியை விழுங்கிவிடுவார்கள். சுவெட்டனம் என்றே வாயில் வரும். எழுதத் தெரியாத குடியானவன் தன் பெயரைச் சொல்ல, தேவாலயத்துப் பாதிரியாரோ கணக்கரோ காதில் விழுந்தபடி எழுத, ஒரே பெயர் சுவெட்டன்ஹாம், சுவெட்னம், சுவீட்னம் என்று பலவாகப் பிரிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1615-ஆம் ஆண்டு லண்டனில் ஜோசப் சுவெட்னம் என்ற வாள்வித்தை ஆசிரியர் பெண்களை இழித்துரைத்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அது விற்பனையில் சக்கைபோடு போட்டது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. ரேச்சல் ஸ்பெக்ட் என்ற இளம்பெண் 1617-ல் தம் சொந்தப் பெயரிலேயே மறுப்பு எழுதினார். அதே ஆண்டில் வந்த இன்னொரு மறுப்பில், எழுதியவர் பெயர் ‘எஸ்தர் சவர்னம்’ என்று அச்சாகியிருந்தது. அது புனைபெயர். ஆங்கிலத்தில் ‘சுவீட்’ என்றால் இனிப்பு, ‘சவர்’ என்றால் புளிப்பு. நீ இனிப்பென்றால் நாங்கள் புளிப்பு என்று பெயரிலேயே குத்தினார்கள். அந்தப் பெயரை அக்காலத்தில் எப்படி உச்சரித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

எழுத்து மாறுவதை நாம் சிரித்துவிட்டு விடமுடியாது. நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துப் பெரியவர், தம் தகப்பனாரின் சேமநிதிப் பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தார். தகப்பனார் பெயர் ஆறுமுகம். அவருடைய அடையாள அட்டையில் ஆர்முகம் என்று இருந்தது. மகனுடைய பிறப்புப் பத்திரத்தில் ஆருமுகன். தோட்டத்துச் செக்ரோலில் கிராணி எழுதியது மூன்றாவது விதம். மூவரும் ஒருவரே என்று முகப்பில் இருந்தவருக்கு எப்படிப் புரியவைப்பது? அது போதாதென்று பெரியவர் பிறந்த இடம் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பத்திரம் சொன்னது. தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்தில் பிறந்தவர் அவர். “அப்படி ஓர் ஊர் இல்லையே, ஐயா” என்றாராம் அந்த இளைஞர்.

சுவெட்டன்ஹாம் ஏன் அபூர்வமானது? கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான், அதனால் ஸ்மித் என்ற பெயர் ஆயிரம் இடங்களில் தனித்தனியே முளைத்தது. சுவெட்டன்ஹாமுக்கோ ஒரே ஒரு கிராமம்தான் ஊற்று. அதிலும் 1348-ல் தொடங்கிய கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. நோய் தப்பினாலும் இன்னொரு கணக்கு உண்டு. பெயர் ஆண்பிள்ளை வழியே மட்டும் இறங்குகிறது. மகள் கலியாணமானதும் கணவன் பெயரை ஏற்கிறாள். பத்துச் சகோதரர்களில் சிலருக்குப் பிள்ளையில்லை, சிலருக்குப் பெண்மக்கள் மட்டும் என்றால், இரண்டு மூன்று தலைமுறையில் எத்தனை கிளை மிஞ்சும்? 1873-ல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் இதை ஒரு கணக்காகவே போட்டு விடை கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடிக் கொடுத்தார். அதன்பின் அந்தக் கணக்குக்கு அவர்கள் இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. குடும்பத்தில் பெண்மக்கள் இருந்தும் வம்சம் அற்றதென்று சொல்லும் வழக்கம் அங்கும் இருந்தது என்பதைப் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறோம்.

இத்தனை நூற்றாண்டுச் செய்தி எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். 1538-ல் தாமஸ் குரோம்வெல் என்ற அமைச்சர், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டுமென்று ஆணையிட்டார். 1837 முதல் அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதிந்தது. 1841 முதல் மக்கள் தொகைக் கணக்கில் ஆள் பெயர்களும் எழுதிக் காக்கப்படுகின்றன. 1881-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துப் பெயர்களை நிலப்படத்தில் குறித்தால், இப்படிப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் பிறந்த மண்ணைச் சுற்றியே கிடப்பது தெரியும். சுவெட்டன்ஹாமும் அப்படியே. செஷயர், அதையடுத்த லங்காஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர், டெர்பிஷயர் என்று அக்கம்பக்கத்தில்தான் அடர்த்தி. மான்செஸ்டர் பஞ்சாலைகள் கிராமத்தாரை இழுத்த காலம் அது. சுவீட்னம் என்ற உருவம் கடல் தாண்டி அயர்லாந்தின் தென்கோடியில் கார்க் பகுதியில் வேர்விட்டிருக்கிறது.

இக்காலத்தில் இரத்தவழிச் சோதனையும் சேர்ந்துகொண்டது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்ளிங் என்ற இருவர் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்மித் என்ற பெயருடைய ஆண்களுக்குள் பொதுவான மூதாதை யாரும் தெரியவில்லை. அபூர்வமான பெயர்களிலோ, ஒருவரையொருவர் அறியாத ஆண்கள்கூடப் பலநேரம் ஒரே மூதாதையின் வாரிசுகளாக இருந்தார்கள்.

டெர்பிஷயரில் பெல்பர் என்ற ஊரில், சுவெட்டன்ஹாம் கிராமத்திலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், ஒரு வழக்கறிஞர் வீட்டில் 1850-ல் பிறந்தவர்தான் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். 1871-ல் சிங்கப்பூருக்கு இளம் அதிகாரியாக வந்தார். மலாய் மொழியை நன்றாகக் கற்றார். 1882-ல் சிலாங்கூர் ரெசிடெண்ட், 1896-ல் இணைந்த மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்ட், 1901-ல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் என்று படிப்படியாக உயர்ந்தார். அவருடைய அண்ணன் அலெக்சாண்டர் 1868-ல் இலங்கை அரசுப்பணியில் சேர்ந்து, பின்னர் சிங்கப்பூரிலும் பதவி வகித்து, கயானாவுக்கும் ஜமைக்காவுக்கும் ஆளுநரானவர். 1907-ல் ஜமைக்காவில் பூகம்பம் வந்தபோது, உதவிக்கு வந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதியோடு கடிதத்தில் மோதிப் பதவி துறந்தார். அறுநூறு ஆண்டுகளாக நான்கு மாவட்டத்தைப் பெரிதும் தாண்டாத ஒரு பெயர், ஒரே தலைமுறையில் இரண்டு சகோதரர்களோடு உலகைச் சுற்றிவிட்டது.

1901 செப்டம்பர் 15-ஆம் தேதி போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. திறந்த கையோடு மலேரியாக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. சதுப்புக் காட்டின் நடுவே கட்டிய துறை அது. வேலையாட்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தார்கள், துறையை மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. கிள்ளானில் இருந்த டாக்டர் மால்கம் வாட்சன், காட்டை வெட்டி நீரை வடித்தால் கொசு ஒழியும் என்று வற்புறுத்திச் செய்வித்தார். காய்ச்சல் தணிந்தது. வாட்சன் பெயர் மருத்துவ நூல்களில் நிற்கிறது. மண்வெட்டி பிடித்து அந்த வாய்க்கால்களை வெட்டியவர்கள் பெயர் எந்த நிலப்படத்திலும் இல்லை.

பினாங்கில் மட்டும் சுவெட்டன்ஹாம் படகுத்துறை இன்றும் அதே பெயரோடு, உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் இடமாக இருக்கிறது. நீரிணைக்கு இந்தப் பக்கம் உள்ள பட்டர்வொர்த்தும் இப்படியே ஓர் ஆளுநரின் குடும்பப் பெயர், லங்காஷயரில் ராச்டேலுக்கு அருகே வெண்ணெய்க்குப் பேர்போன ஓர் அடைப்பு நிலத்திலிருந்து வந்தது.

நம் பெரியவர் கதை பாதியில் நிற்கிறது. அவருடைய பேத்தி தோட்டத்துப் பழைய கிராணியைத் தேடிப்போனாள். ஓய்வுபெற்ற மனிதர், கண் மங்கியவர். தோட்டம் கைமாறியபோது குப்பையில் போன செக்ரோல் புத்தகங்களில் நாலைந்தை அவர் வீட்டில் எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்றில், பெரட்டு எண்ணுக்கு எதிரே, ஆறுமுகம் என்ற பெயரும் அவருடைய அடையாள அட்டை எண்ணும் மகன் பெயரும் ஒரே வரியில் கிராணியின் கையெழுத்தில் இருந்தன. அந்த ஏட்டையும் ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரத்தையும் வைத்துப் பணம் கிடைத்தது. பிறந்த இடத்தை மட்டும் பெரியவர் மாற்ற விடவில்லை. அவர் பத்திரத்தில் இன்னும் போர்ட் சுவெட்டன்ஹாம்தான்.