வரைபடத்துக்கு முன்னால் மண்ணைக் கேளுங்கள்



1856 ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போது நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கிறார்கள். செய்யட்டும், செய்யவேண்டும். முழங்கால் வலியோடு மேம்பாலப் படி ஏறும் தாய்மார்களுக்கு லிஃப்ட் வேண்டாம் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. கடைக்கால் தோண்டும்போது கீழே என்ன கிடக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அதைக் கேட்கத்தான் வந்தேன்.

ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். 1872இல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவே அந்த நாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. 29 கிலோமீட்டர். வழியில் தகானவா என்ற இடத்தில் ஒரு சிக்கல். கரையோர நிலம் இராணுவத்தின் பிடியில் இருந்தது, அளக்கக்கூட விடவில்லை. பாதைக்காகப் பாடுபட்ட ஓகுமா ஷிகெனொபு பின்வாங்கவில்லை. நிலம் இல்லையென்றால் கடல் இருக்கிறது என்றார்கள். ஆழமில்லாத கடலுக்குள் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பி, அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் எட்மண்ட் மோரல், ஆங்கிலேயர். ஆனால் கல்லை அடுக்கிய கை ஜப்பானியக் கொத்தனாருடையது. கோட்டைச் சுவர் கட்டிப் பழகிய கை அது. ரயில் ஓடுவதைப் பார்க்க மோரலுக்குக் கொடுத்துவைக்கவில்லை. முந்தைய ஆண்டே இறந்துபோனார்.

காலப்போக்கில் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். கரை மண்ணுக்குள் போயிற்று. மேலே ரயில்கள் நிற்கும் யார்டு வந்தது. அது அழிந்தே போய்விட்டது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2019இல் ஷினகாவா நிலையத்தருகே வேலை நடந்தபோது கல் தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட, விட்டுவிட்டு சுமார் 800 மீட்டர்.

மீன்பிடிக்கும் அண்ணன்மார்கள் இதைக் கவனமாகக் கேட்கவேண்டும். கடலுக்குள் கரை எழுப்பினால் கரையில் இருக்கும் மீனவன் படகை எப்படி வெளியே கொண்டுபோவான்? அதற்காகக் கரையில் இடைவெளி விட்டு, மேலே பாலம் போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஏழாம் பாலத்தின் இரண்டு பக்கத் தாங்குசுவர்களும் மண்ணுக்கடியில் அப்படியே நின்றன. செதுக்கிய கற்கள், இடுக்கில்லாமல் பொருந்தி, கடல் பக்கம் சரிந்து இறங்குகின்றன. அதற்கும் முன்னால், மண்ணில் வரிசையாக ஊன்றிய மரக்கம்பங்கள். 150 ஆண்டுகளுக்கு முன், ரயில் விடும் அவசரத்திலும், மீனவனுக்கு வழி விட்ட ஓர் அரசின் கையெழுத்து அந்த இடைவெளி. புகைப்படத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு இந்த இராயபுரம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்குள் அந்த இடத்துக்கு உயர்ந்த கட்டடங்களோடு ஒரு புது நகரமே வரைபடத்தில் எழுந்துவிட்டது. அறிஞர்கள் முழுவதையும் காக்கச் சொன்னார்கள்.  ரயில் நிறுவனமும் வரைபடத்தைத் திருத்தியது. ஏழாம் பாலம் உட்பட 120 மீட்டர் இருந்த இடத்திலேயே நிலைத்தது. 2021இல் அது தேசியச் சின்னமானது. அதன் பிறகும், மரபுச் சின்னங்களுக்கான உலக அமைப்பான இகோமோஸ் எச்சரிக்கை விடுத்தது. மற்றதில் பெரும்பகுதியை அளந்து, படமெடுத்து, பதிவுசெய்துவிட்டு, எடுத்துவிட்டார்கள். 120 மீட்டரைக் காத்ததற்கு அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் மண்ணை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வரைபடம் போட்டிருந்தால் இன்னும் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் இந்த வரிசைதான், வேறொன்றும் இல்லை.

பழையதைக் காத்தால் ரயிலுக்கு இடைஞ்சல் வருமா? ரோம் நகரின் டெர்மினி நிலையத்துக்கு வெளியே கி.மு. 4ஆம் நூற்றாண்டு மதில் நிற்கிறது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் ஓடுகிறார்கள். யாருக்கும் ரயில் தவறிவிடவில்லை.

நம் பக்கத்துக் கணக்கு வலிக்கிறது. லாகூர் – முல்தான் ரயில் பாதைக்காக ஹரப்பா மேடுகளிலிருந்து செங்கல்லை வாரிக்கொண்டு போனார்கள். சுமார் 100 மைல் பாதைக்கு அந்தச் செங்கல் போதுமானதாக இருந்தது என்று தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதிவைத்தார். அது சிந்துவெளி நாகரிகத்தின் செங்கல் என்பது 1924இல்தான் உலகுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது ரயில் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே பல்லாவரத்தில் 1863 மே மாதம் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லில்தான் தொடங்கியது. இன்று அந்தப் பல்லாவரத்தில் மின்ரயில் நிற்கிறது, ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறோம். எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருள் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்லவேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்துவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும் உண்டு. ஆனால் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதை, பெயரில்லாததை, யார் அறிவிப்பது? ஜேசிபி ஓட்டும் தம்பியிடம், பானை ஓடு வந்தால் நிறுத்து என்று யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? நிறுத்தினால் அன்றைய கூலி யார் கொடுப்பது என்றாவது முடிவுசெய்திருக்கிறோமா?

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. டெண்டர் விடுவதற்கு முன்பே பழைய வரைபடங்களைப் பார்க்கட்டும், சில இடங்களில் சோதனைக் குழி போடட்டும், தொல்லியல் துறை ஆள் ஒருவர் கூட நிற்கட்டும். கிடைப்பதை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வண்டியேற்றாமல், முடிந்தவரை அங்கேயே வைக்கட்டும். மேலே கண்ணாடி போட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். நம் புழுக்கத்தில் கண்ணாடி வியர்த்து உள்ளே பாசி பிடித்துவிடும். காற்றோட்டமும் வடிகாலும் பராமரிக்க ஆளும் சேர்த்துத்தான் செலவு போடவேண்டும். பக்கத்தில் பள்ளிப் பிள்ளை படிக்கிற தமிழில் ஒரு பலகை.

இராயபுரம் நிலையத்தில் மண்வெட்டி இறங்குவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லி ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.