விலையில்லாப் பொருளும் கட்டற்ற பொருளும்

"தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பது நம்மவர் வழக்கிலுள்ள ஒரு பழமொழி. கொடுப்பவர் மனம் நோகலாகாது என்னும் நாகரிகத்தை அது கற்பிக்கின்றது. ஆயினும், கணினியைப் பயன்படுத்துவோர்க்கு அப்பழமொழி முற்றும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. இணையத்தினுட் புகுந்த அளவிலே 'இலவசம், இலவசம்' என்னும் குரலே எப்பக்கமும் கேட்கின்றது. கடிதம் எழுத ஒரு மென்பொருள், படம் பார்க்க ஒன்று, ஒலிப்பதிவு செய்ய ஒன்று, கோப்புகளைச் சுருக்க ஒன்று என ஆயிரம் கருவிகள் காசின்றிக் கிடைக்கின்றன. இவற்றுட் சில உண்மையாகவே நமக்கு உரியனவாகின்றன. வேறு சில நம்மையே தமக்கு உரியவராக்கிக் கொள்கின்றன. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவது எங்ஙனம், நமது அன்றாட வேலைகளுக்கு உதவுவன யாவை என்பன பற்றியே, நேயர்களே, இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன்.

கோடை காலத்தில் நீர் அள்ளுவோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அயலவர் ஒருவர் தமது வளவிலுள்ள கிணற்றில் அள்ளிக் கொள்ளும்படி சொல்கின்றார், காசு கேட்பதில்லை. ஆனால் கிணறும் அவருடையது, படலையும் அவருடையது. நாளை அவர் படலையைப் பூட்டிவிட்டால் வெறுங் குடத்துடன் திரும்ப வேண்டியதுதான். ஊர்ப் பொதுக் கிணறோ அத்தகையதன்று. துலா முறிந்தால் ஊரவர் கூடித் திருத்தலாம். தூர்ந்து போனால் இறைத்துத் துப்புரவு செய்யலாம். இரண்டு கிணற்று நீருக்கும் விலையில்லை. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

மென்பொருள்களின் நிலையும் இதுவே. விலையின்றித் தரப்படினும் உரிமை முழுவதும் ஆக்கியோனிடமே இருப்பது இலவச மென்பொருள். பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பை ஆராயவும், திருத்தவும், பிறர்க்குப் பகிரவும் எல்லார்க்கும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'பிரீ' என்னும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியினர் இதனை விளக்கப் பெரிதும் இடர்ப்படுகின்றனர். தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உள்ளன. அவற்றை மயங்காது வழங்குதல் நன்று.

இக்கொள்கை பிறந்த வரலாறு சுவையானது. 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பார் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியிற் கடதாசி சிக்கினால், காத்திருப்போரின் கணினிக்கு உடனே செய்தி போகும்படி அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். புதிய அச்சுப்பொறி வந்தபோது அதன் மென்பொருளின் மூலவடிவம் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்தவரும், வெளியிடுவதில்லை என்று ஒப்பமிட்டிருந்தமையால் கொடுக்க மறுத்துவிட்டார். திருத்தும் ஆற்றல் இருந்தும் திருத்த உரிமையில்லாத அந்நிலையே ஸ்டோல்மனின் சிந்தனையைக் கிளறியது. 1983ஆம் ஆண்டில் 'குனூ' என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோவால்ட்ஸ், 'லினக்ஸ்' என்னும் கருவை ஆக்கி வெளியிட்டார். இன்று உங்கள் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியை இயக்குவதும் அந்த லினக்ஸ் கருவே.

இனி, நமது மேசைக்கு வருவோம். பெரும்பாலோர் கணினியிற் செய்யும் முதல் வேலை எழுதுதல். கடிதம், விண்ணப்பம், சங்கக் கூட்டத்து அறிக்கை, கடைக் கணக்கு ஆகியவற்றிற்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களின் களவுப் பிரதிகளைப் பலர் அறிந்தும் அறியாமலும் பயன்படுத்துகின்றனர். அது சட்டத்திற்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, அத்தகைய பிரதிகளின் பூட்டை உடைத்தவர் உள்ளே எதை வைத்து அனுப்பினார் என்பதை நாம் அறியோம். 'லிப்ரே ஒபிஸ்' என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கையில் இவ்விடர் தேவையில்லை. ஜெர்மனியில் உருவாகிய ஸ்டார் ஒபிஸ் என்னும் மென்பொருளின் மூலவடிவம் 2000ஆம் ஆண்டில் உலகிற்குத் திறந்துவிடப்பட்டது. அதன் வழித்தோன்றலே 2010இல் இப்பெயர் பெற்றது. கடிதம் எழுதுதல், கணக்கு அட்டவணை அமைத்தல், விரிவுரைக்குரிய காட்சித் தாள்கள் ஆக்கல் ஆகிய மூன்றும் இதனால் இயலும். எழுதியதைப் பி.டி.எப். கோப்பாக மாற்ற வேறு கருவி வேண்டுவதில்லை. மைக்ரோசொப்ட் வேர்ட் கோப்புகளையும் இது திறக்கும். அட்டவணைகளும் படங்களும் நிறைந்த கோப்புகளில் வரியமைப்புச் சிறிது குலையக் கூடும் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

விலை மிச்சமாவதைக் காட்டிலும் பெரிய பயன் ஒன்று இதிலுண்டு. லிப்ரே ஒபிஸ் தன் கோப்புகளைச் சேமிக்கும் வடிவம், 2006ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த வடிவமாகும். அதன் இலக்கணம் எவரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. ஆகையால், எந்த ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் அக்கோப்பைத் திறக்கும் வழி மூடப்படமாட்டாது. நாம் இன்று எழுதுவதை நம் பேரப்பிள்ளைகள் படிக்க முடியுமா என்னும் வினா இங்கே எழுகின்றது.

இவ்வினா தமிழர்க்கு வெறும் கற்பனையன்று. நம் நாட்டிலே நெடுங்காலம் 'பாமினி' முதலிய எழுத்துருக்களிலேயே தமிழ் தட்டச்சுச் செய்யப்பட்டது. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தி வைத்தவை. எழுத்துரு உள்ள கணினியில் 'அம்மா' என்று தெரியும் சொல், அஃது இல்லாத கணினியில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகத் தெரியும். நூற்றுக்கணக்கான மலர்களும், ஆய்வுகளும், குடும்ப வரலாறுகளும் இவ்வாறு பழைய குறுந்தட்டுகளில் முடங்கிக் கிடக்கின்றன. எழுதியவர் இருக்கின்றார், எழுத்தும் இருக்கின்றது, படிப்பதற்குத்தான் வழியில்லை.

இதற்கு மருந்து ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றிற்கும் தனித்தனி எண் வழங்கும் இம்முறையில், 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. பாமினியில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பார்த்தல் வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருப்பின், அவையும் தமிழென மயங்கி உருக்குலைந்திருக்கும். இனிமேல் எழுதுவனவற்றைத் தொடக்கத்திலேயே ஒருங்குறியில் எழுதுதல் நலம். விண்டோஸ் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை உண்டு. 'கீமேன்' என்னும் கட்டற்ற மென்பொருள் மேலும் பல விசைப்பலகை அமைப்புகளைத் தருகின்றது. 'நோட்டோ' என்னும் கட்டற்ற எழுத்துருக் குடும்பத்திலும் அழகிய தமிழ் எழுத்துருக்கள் உள்ளன.

எழுத்தைப் போலவே குரலும் காக்கப்படவேண்டிய செல்வமாகும். பழைய ஒலிநாடாக்கள் பல வீடுகளில் உள்ளன. பாட்டனாரின் பேச்சு, கோயில் திருவிழாவின் நாதஸ்வரக் கச்சேரி, அந்நாளைய வானொலி நாடகம் என அவற்றில் அடங்கியவை பல. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிந்து வருகின்றது. 'ஓடாசிட்டி' என்னும் கட்டற்ற மென்பொருள் இவற்றை மீட்க உதவும். ஒலிநாடாக் கருவியின் காதணி துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டிற்கு ஒரு கம்பியை இணைத்து, நாடாவை ஓடவிட்டுப் பதிவு செய்தல் வேண்டும். பின்பு, பேச்சில்லாது இரைச்சல் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளைத் தெரிந்து காட்டினால், அதை மாதிரியாகக் கொண்டு முழுப் பதிவிலுமுள்ள இரைச்சலை அது குறைத்துத் தரும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தாற் குரலின் இயல்பே கெடும். ஆதலின் சிறிது இரைச்சல் எஞ்சியிருப்பதே நல்லது. மூலப் பதிவையும் அழியாது வைத்திருங்கள்.

இங்ஙனம் சேமித்த ஒலியையும், படத்தையும் காண்பதற்கு 'வி.எல்.சி.' போதுமானது. பரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டம் இது. 2001இல் கட்டற்ற உரிமத்துடன் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ எவ்வகை ஒலி, ஒளிக் கோப்பையும் திறக்கும். விளம்பரம் எதுவும் காட்டுவதில்லை.

பழைய கணினி வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பை ஏற்க இயலாத கணினிகள் பல, உறுப்புகள் நல்ல நிலையிலிருந்தும் ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் 'லினக்ஸ் மின்ட்' போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்பெறலாம். விரலளவான ஒரு நினைவகக் குச்சியில் இட்டு, கணினியில் எதையும் மாற்றாமலே முதலில் இயக்கிப் பார்க்க முடியும். மனம் ஒப்பினால் மட்டும், கோப்புகளை வேறிடத்திற் பிரதி செய்து வைத்துக்கொண்டு நிறுவுக.

கட்டற்ற மென்பொருள் தனி மனிதர்க்கு மட்டும் உதவுவதன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்னும் நிலையின் ஆபத்தை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் விலையின்றிப் படிக்க வைத்துள்ளது. அந்நூலகத்தின் இணையத்தளம் இயங்குவது 'மீடியாவிக்கி' என்னும் கட்டற்ற மென்பொருளிலே. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிற்கும் அதுவே அடித்தளம். எங்கோ ஒருவர் எழுதித் திறந்துவிட்ட கருவி, நம் ஏடுகளைக் காக்கும் பெட்டகமாயிற்று.

இனி, எச்சரிக்கையாக நோக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். மென்பொருளை நிறுவாமலே இணையத்தளத்தில் வேலையை முடிக்கும் கருவிகள் இன்று பல. பி.டி.எப். கோப்புகளை இணைத்துத் தருகின்றன. படத்தின் அளவைக் குறைத்துத் தருகின்றன. வசதியானவைதாம். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவற்றில், நாம் கொடுக்கும் கோப்பு முகமறியாத ஒருவரின் கணினிக்குச் செல்கின்றது என்பதை மறவாதீர்கள். திருமண அழைப்பிதழை அங்ஙனம் அனுப்பினாற் கேடில்லை. அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிக் கணக்கறிக்கை, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை அனுப்புதல் தகாது. ஐயத்திற்குரிய கோப்பில் நச்சுநிரல் உண்டோ என்று பல சோதனைகளால் ஒருங்கே ஆராயும் 'வைரஸ்டோட்டல்' மிகப் பயனுள்ள தளம். அங்கும் நாம் இடும் கோப்புகள் பாதுகாப்பு ஆய்வாளருடன் பகிரப்படுவதால், அந்தரங்கக் கோப்புகளை இடலாகாது.

கடவுச்சொற்களைக் காப்பதற்குக் 'கீபாஸ்', 'பிட்வோர்டன்' ஆகிய கட்டற்ற பெட்டகங்கள் உள்ளன. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வழங்குவது, வீட்டுக்கும் கடைக்கும் அலுமாரிக்கும் ஒரே திறப்பை வைத்திருப்பதற்கு ஒப்பாகும். இப்பெட்டகங்கள் ஒவ்வோரிடத்திற்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை ஆக்கி வைத்துக்கொள்ளும். நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தின் திறப்பை மட்டுமே.

ஆகவே, மாட்டின் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும். எதைப் பார்ப்பது? முதலாவது, அஃது எங்கிருந்து வருகின்றது என்பது. தேடற்பொறியில் முதலில் தோன்றும் விளம்பரத்தை நம்பி இறங்கலாகாது. 2022ஆம் ஆண்டில், 'கிம்ப்' என்னும் கட்டற்ற ஓவிய மென்பொருளைத் தேடியோர் பலருக்கு, விளம்பரத்தின் வழியே போலித்தளம் ஒன்று காட்டப்பட்டது. அதிலிருந்து இறங்கியது தகவல் திருடும் நச்சுநிரல். மென்பொருளை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே தரவிறக்கம் செய்க. இரண்டாவது, அது கேட்கும் அனுமதி அதன் வேலைக்கு ஏற்றதா என்பது. கைவிளக்காகப் பயன்படும் ஒரு செயலிக்கு நம் நண்பர்களின் தொலைபேசி எண்கள் எதற்கு? மூன்றாவது, நாளை நாம் அதனைக் கைவிட நேர்ந்தால், நமது கோப்புகளை நம்முடன் எடுத்துச் செல்ல முடியுமா என்பது. இம்மூன்று வினாவிற்கும் நல்ல விடை கிடைத்தால் அஃது ஏற்கத்தக்க தானமே.

தானம் பெற்றவர்க்கும் ஒரு கடமையுண்டு. பொதுக் கிணற்றில் அள்ளுவோர், ஆண்டுக்கொருமுறை அதனை இறைக்கவும் உடன் நிற்றல் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்தவர்தாம் உதவலாம் என்பதில்லை. மென்பொருளிலுள்ள தமிழ்ச் சொற்களைத் திருத்தலாம். பிழை கண்டால் ஆக்கியோர்க்கு எழுதலாம். அறிந்ததை அயலவர்க்குக் கற்பிக்கலாம்.

இன்றிரவு பெரிய முயற்சி ஒன்றும் வேண்டா. உங்கள் பழைய கோப்புகளுள், அழிந்தால் வருந்தத்தக்க ஒன்றை மட்டும் தெரிந்தெடுங்கள். அது திறக்கின்றதா என்று பாருங்கள். திறந்தால் ஒருங்குறியில், திறந்த வடிவத்தில் சேமித்து, இரண்டு வேறிடங்களிற் பிரதி வையுங்கள். திறவாவிடின், திறக்கத் தெரிந்தவரை நாளையே நாடுங்கள். காலம் தாழ்த்துவதால் அக்கோப்பு எளிதிற் திறக்கப்போவதில்லை.