வில்லை இல்லாத நுண்ணோக்கி



1895 இல் இராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்-கதிரை நாம் அனைவரும் அறிவோம். கை முறிந்தால் அதனைக் கொண்டு எலும்பைப் படம் பிடிக்கின்றனர். அதன் அலைநீளம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியினும் மிகச் சிறிது. ஆகவே மிக நுண்ணிய பொருளையும் அதனால் காணலாமே என்று தோன்றும். ஆனால் கண்ணாடி வில்லை ஒளியை வளைத்துக் குவிப்பது போல் இக்கதிரைக் குவிக்க இயலாது. வேறு வகைக் குவிப்பான்களைச் செய்தனர். அவற்றைச் செதுக்கும் கையின் நுட்பமே படத்தின் நுட்பத்திற்கு எல்லையாயிற்று.

அமெரிக்க அறிவியலர் டேவிட் சேயர் (1924–2012) வில்லையே வேண்டாம் என்றார். பொருளின்மேற் பட்டுச் சிதறும் கதிர்களைப் பதிவு செய்து, உருவத்தைக் கணக்கினால் மீட்போம் என்பது அவர் வழி. இதில் ஓர் இடர் உண்டு. குளத்தில் கல் விழுகிறது. கரையில் மோதிய அலைகளின் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டோம்; எந்த அலை முந்தியது, எது பிந்தியது என்று குறிக்கவில்லை. கல் விழுந்த இடத்தை எவ்வாறு சொல்வது? எக்ஸ்-கதிர்ப் பதிவிலும் வலிமை நிற்கும். அலைகளின் முன்பின் நிலை தொலைந்துபோகும்.

ஆக்ஸ்போர்டில் டோரதி ஹாட்ஜ்கினிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்ற சேயர், 1952 இல் ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். சிதறற் கோலத்தை மேலும் நெருக்கமாக அளந்தால் தொலைந்ததை மீட்க வழி பிறக்கலாம் என்பதே அதன் கருத்து. அதனைச் செய்துகாட்ட அன்று தக்க கதிர் மூலமும் இல்லை, வேண்டிய கணிப்பொறியும் இல்லை. பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவரானார்.

1999 இல், நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், ஜியான்வெய் மியாவ் என்னும் இளம் ஆய்வாளரும் சேயரும் மற்றிருவரும் அதனை நிறைவேற்றினர். கணிப்பொறி ஓர் உருவத்தை ஊகிக்கும். அதன் சிதறலைக் கணக்கிட்டு, அளந்த பதிவோடு பொருத்தித் திருத்தும். பொருளுக்கு அப்பால் வெற்றிடமே என்பதால் அங்குத் தோன்றும் பொய்யுருவை நீக்கும். இவ்வாறு மீண்டும் மீண்டும். இறுதியில் பொன் புள்ளிகளால் அமைத்த எழுத்துகள் தெரிந்தன! ஒரு மில்லிமீட்டரைப் பதின்மூவாயிரம் கூறிட்டாற் கிடைக்கும் அளவு, ஏறத்தாழ 75 நானோமீட்டர், அப்படத்தின் நுட்பம். குறிப்பு எழுதி 47 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2024 இல் சுவிட்சர்லாந்தில், இதன் வழிவந்த முறையால், கணிப்பொறிச் சில்லின் உட்புறத்தை 4 நானோமீட்டர் நுட்பத்தில் கண்டனர்.

இளைஞர்களே, இங்கு வில்லையின் இடத்தில் அமர்ந்தது கணிதம். நம் பிள்ளைகளிடம் "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லி வந்த வகுப்பறைகள் உண்டு. அச்சொல்லை நம்பிக் கணிதப் பிரிவை விட்டு விலகியோரும் நம்மிடையே உளர். விலகியவரை நாம் குறை கூறோம். அவ்வாறு சொன்னவர்க்கு அதற்கான உரிமை இருந்ததில்லை என்பதே நம் கருத்து.

இந்தூரில் உள்ள இராஜா ராமண்ணா மையத்தின் இண்டஸ்-2 முடுக்கியிலும் எக்ஸ்-கதிர்ப் படிமமாக்கலுக்கெனத் தனிக் கதிர்வழி உண்டு. பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள் தம் ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்பி, அங்குச் சென்று பணிபுரிய இடமுண்டு. இயற்பியலும் கணிதமும் பயிலும் நம் மாணவர்கள் இப்பெயரைக் குறித்துக்கொள்க.