முதலில் காகிதத்தைப் பாருங்கள்

வீட்டுக்கோ சின்ன ஆபீசுக்கோ ஸ்கேனர் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து, உள்ளே என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர் வீட்டில் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இருக்கும். முத்திரைத்தாள் மடிப்பில் இற்றுப் போயிருக்கும். ஓரத்தில் நூல் கோத்துத் தைத்திருப்பார்கள். அதற்கு, மேலே கண்ணாடி உள்ள ஃபிளாட்பெட் ஸ்கேனர்தான் சரி. பத்திரத்தை விரித்து வைத்தால் போதும். அசையாது, கிழியாது.

கோவை கணபதியில் பட்டறை நடத்துபவருக்குத் தேவை வேறு. தினமும் பில், சலான், ரசீது. அவருக்குத் தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் வகைதான் வசதி. கடையில் ஏடிஎஃப் என்று கேளுங்கள். கட்டாக வைத்தால் ஒவ்வொன்றாக உள்ளே போகும். ஸ்டேப்ளர் பின்னை மட்டும் எடுத்துவிட வேண்டும். பழைய பத்திரத்தை அதில் விடவே கூடாது. உருளையில் சிக்கினால் கிழிந்துவிடும்.

இன்னொன்று. பெட்ரோல் பங்க்கில் தரும் வழவழப்பான ரசீது, சூட்டில் அச்சாவது. நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். ஜிஎஸ்டி கணக்கையோ, ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். எழுத்துக்கு 300 டிபிஐ துல்லியம் போதும்.

ஆக, பழைய பத்திரமா? ஃபிளாட்பெட். தினசரி பில்லா? தாள் இழுக்கும் வகை. காகிதத்தைப் பார்த்து ஸ்கேனரை வாங்குங்கள். ஸ்கேன் செய்த பின்னும் மூலப் பத்திரத்தைக் காப்பாற்றி வையுங்கள். வங்கிக் கடனுக்கு அதைத்தான் கேட்பார்கள்.