குரல்வளையின் காவல்



ஜார்ஜ் டவுனில் கூடியிருக்கும் நாம், குழந்தையின் குரல் கம்முவதைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். "தொண்டைக்கட்டுதான், சுக்குக் கஷாயம் கொடுத்தால் போகும்" என்பது தோட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் சொல். பெரும்பாலும் அது சரியே. எப்போது சரியன்று என்பதை அறிவதே முக்கியம்.

கழுத்தின் முன்புறம் விரல் வைத்துப் பேசிப் பாருங்கள். அதிர்வது குரல்வளை. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அதைக் கடந்தே நுரையீரலை அடைய வேண்டும். ஆகவே இயற்கை அங்கே பலத்த காவல் வைத்திருக்கிறது. உட்புறத்தைப் போர்த்தியுள்ள ஈரச் சவ்வு சளியைச் சுரக்கிறது. கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நுண்ணிய மயிரிழைகள் அச்சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. குரல் நாண்களின் விளிம்பில் மட்டும் இம்மயிரிழைகள் இல்லை. பேசும்போது நொடிக்கு நூறு தடவைக்குமேல் மோதிக்கொள்ளும் இடமல்லவா அது! அங்கே தேங்குவதை இருமல்தான் வெளியேற்றுகிறது. இருமலை எதிரியாகவே கருதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். சவ்வினுள் வெள்ளணுக்கள் காத்திருக்கின்றன. சளியில் கலந்துள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியைப் பற்றி ஒட்டவிடாமல் தடுக்கின்றன. சாதாரணச் சளி சில நாளில் தணிவது இக்காவலால்தான். கஷாயம் இதமளிக்கும், அவ்வளவே.

தொண்டை அடைப்பான் கிருமியோ வேறு வகை. அது சவ்வின்மேல் அமர்ந்து நச்சைக் கக்குகிறது. மடிந்த அணுக்களும் உறைந்த கசிவும் சேர்ந்து சாம்பல் நிறப் படலமாகப் படிகின்றன. குழந்தையின் ஒடுங்கிய மூச்சுவழியை அப்படலமே அடைத்துவிடும். நச்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். இது பழங்காலக் கதையன்று. 2016-ஆம் ஆண்டில் நம் அண்டை மாநிலமான கெடாவிலும், மலாக்காவிலும் இந்நோயால் குழந்தைகள் இறந்தனர்.

இருமலிலும் தும்மலிலும் இது பரவுகிறது. இதே ஜார்ஜ் டவுனில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியென் தே, 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய பிளேக்கின்போது துணி முகக்கவசத்தை வலியுறுத்திப் புகழ்பெற்றவர். ஆனால் ஆயாக் கொட்டகையில் கூடி விளையாடும் பிள்ளைகளின் முகத்தில் கவசம் நாள் முழுதும் நிற்குமா? காவலை உடலுக்குள்ளேயே வலுப்படுத்த வேண்டும். தடுப்பூசி செய்வது அதுவே. நச்சை முன்னதாகவே அடையாளம் காண அது உடலைப் பழக்குகிறது.

நம் நாட்டில் இத்தடுப்பூசி 2, 3, 5 மாதங்களிலும் 18-ஆம் மாதத்திலும் போடப்படுகிறது. 7 வயதில் மீண்டும் ஒன்று உண்டு. ஒருநாள் கூலி போய்விடுமே என்று அந்நாளைத் தள்ளிப்போடும் பெற்றோரை நாம் அறிவோம். அவர்களது கஷ்டமும் நமக்குத் தெரியும். ஆயினும் இதில் தள்ளிப்போடுதல் ஆகாது. தவறவிட்டோர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குரல் கம்மிய குழந்தை மூச்சை இழுக்கும்போது ஓசை கேட்டாலோ, கழுத்து வீங்கினாலோ, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தெரிந்தாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். படலத்தைச் சுரண்ட வேண்டாம், இரத்தம் கசியும். தடுப்பூசிப் புத்தகத்தையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.