குடிக்கும் ஜலத்தின் வரவும் செலவும்



வரவு செலவுக் கணக்கு இன்னதென்பதைச் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மனித தேகத்திலும் ஜலத்திற்கு அவ்விதக் கணக்கு ஒன்று நாள்தோறும் நடந்து வருகிறது. கடின வேலையில்லாத நாளில், மிதமான சீதோஷ்ணத்தில், வளர்ந்த ஒருவருக்குச் சிறுநீராய் ஏறக்குறைய ஒன்றரை லிட்டரும், தோலாலும் மூச்சாலும் முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமும், மலத்தில் சொற்பமும், ஆக இரண்டரை லிட்டர் அளவு செலவாகிறது. சோறு, குழம்பு, காய்கறி வாயிலாக ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். மிகுதியைக் குடித்தே ஈடு செய்தல் வேண்டும்.

தினம் எட்டுத் தம்ளர் ஜலம் குடித்தே தீரவேண்டுமென்று பலர் விதி கூறுகின்றனர். 1945-ம் வருஷத்தில் அமெரிக்க ஆகார நிபுணர் சபை இரண்டரை லிட்டர் என்று சொன்னபோதே, அதில் பெரும்பகுதி உணவிலேயே அடங்கியிருப்பதாகவும் சேர்த்துச் சொல்லிற்று. பின்வாக்கியத்தை உலகம் மறந்துவிட்டது! 2002-ல் ஹைன்ஸ் வால்டின் என்னும் அறிஞர் ஆராய்ந்து, அவ்விதிக்குத் தக்க ஆதாரமில்லையென்று எழுதினார். ஆயினும் அவர் கூறியது மிதமான சீதோஷ்ணத்தில் உட்கார்ந்து வேலை செய்வோரைக் குறித்தது. சித்திரை வெயிலில் களத்தில் நிற்பவருக்கு அது பொருந்தாது.

தென்காசி வட்டாரத்தில் ஏமாற்றம் வேறு விதம். ஆனி முதல் ஆவணி வரை குற்றாலத்தில் சாரல் பொழிய, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றுப் பலமாய் வீசுகிறது. வியர்வை அரும்பியவுடன் உலர்ந்துவிடுகிறபடியால், வியர்க்கவேயில்லையென்று உழுகிறவர் எண்ணுகிறார். செலவு நடக்கிறது, சீட்டு மட்டும் எழுதப்படவில்லை. வெயிலில் பாடுபடுவோர் கால்மணிக்கு ஒரு தம்ளர் வீதம் அருந்துவது நலம். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தலும் தீங்கே. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் உண்டாகும். உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் இதற்கு ஏற்றவை. சிறுநீர் வெளிர் மஞ்சளாயிருந்தால் கணக்குச் சரி. கருமஞ்சளானால் பாக்கி நிற்கிறது. முதியோருக்குத் தாகம் குறைவாகவே தோன்றுமாதலால் கேளாமலே கொடுக்க வேண்டும். வீட்டில் கக்கூஸ் இல்லாமையால் பகலெல்லாம் தாகத்தை அடக்கும் ஸ்திரீகளின் கஷ்டம், சங்கத் தலைவர்கள் யோசிக்கத்தக்கது. சிறுநீரக வியாதி, இருதய வியாதி உள்ளவர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவிலேயே நிற்கவேண்டும்.

அருவி ஜலம் தெளிந்திருந்தாலும் காய்ச்சாமல் குடித்தல் தகாது. பேதி கண்ட குழந்தைக்கு ஜலத்தை நிறுத்தும் வழக்கமோ உயிருக்கே உலை வைப்பது. 1971-ல் வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா கண்டபோது, டாக்டர் திலீப் மகலானாபிஸ் சர்க்கரையும் உப்பும் கரைத்த ஜலத்தைக் குடிக்கக் கொடுத்தார்; நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கைக்கு எட்டாவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் ஜலத்தில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு மிகலாகாது. வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டவேண்டும். கண் குழிந்து, சிறுநீர் நின்று, குழந்தை துவண்டு கிடந்தால் உடனே தென்காசி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். வழியிலும் புகட்டுவதை நிறுத்தலாகாது.